ஆறாவது கை

"எம் எழுத்து மாதிரி போட்டு, அப்படியே கீழ இழுங்கப்பா," என்றாள் கார்த்திகா.

மனோகரன் மனைவியின் போனை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஆட்காட்டி விரலால் கோடு இழுத்தார். இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை திறந்தது. சரசாவின் போனை அவர் திறப்பது இதுதான் முதல் தடவை.

புதன்கிழமை காலை எட்டரை மணி. கூடத்தில் சரசாவைக் கிழக்கே பார்த்துக் கிடத்தியிருந்தார்கள். ஆறு மணிக்கு அடுப்பில் டீயை வைத்தவள், நெஞ்சை ஏதோ அடைக்கிறது என்று சோபாவில் வந்து உட்கார்ந்தாள். "அந்த அடுப்பைக் கொஞ்சம் அணைச்சிடுங்க" என்றாள். மனோகரன் அணைத்துவிட்டு, பொங்கி வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டு வந்தபோது அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடுத்த தெரு டாக்டர் லுங்கியோடு ஓடிவந்து பார்த்தார். நாடியைப் பிடித்தவர் விட மனமில்லாதது போல வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஐயப்பன்தாங்கலிலிருந்து மகள் கார்த்திகா ஆட்டோவில் வந்துவிட்டாள். மகன் விக்ரம் புனேயிலிருந்து மாலை விமானத்தில் வருகிறான். அடக்கம் வியாழக்கிழமை மதியம் என்று முடிவாகியிருந்தது.

"சொந்தக்காரங்களுக்கு நான் சொல்லிட்டேன். அம்மாவோட பார்க் ஆளுங்களுக்கு நீங்க சொல்லிடுங்க. அவங்க போன்லதான் நம்பர் இருக்கு," என்றாள் கார்த்திகா.

பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். 'நொச்சி ஜெபா.' 'தண்ணி லாரி அமல்ராஜ்.' 'ஏரி ஆபீஸ்.' 'குப்பை வண்டி நாகேந்திரன்.' 'பாலிடெக்னிக் பசங்க.' ஜெபாவையும் நாகேந்திரனையும் தவிர ஒருவர் முகமும் அவருக்குத் தெரியாது. தன்னுடைய எண் என்ன பெயரில் இருக்கிறது என்று தேடினார். 'செகரட்டரி' என்று இருந்தது. முன்பு வேறு ஏதோ இருந்திருக்கவேண்டும். எப்போது மாற்றினாள் என்று தெரியவில்லை.

ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டார்; ஒன்றிரண்டு பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் எல்லோரும் முதல் வார்த்தையாக "சொல்லுங்கம்மா" என்றார்கள். அவர் "நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன்" என்று ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அதற்குள்ளாகவே எதிர்ப்பக்கம் குரல் அடங்கிவிடும்.

ஏரி நிரம்பினால் வழிகிற தண்ணீர் ஓடையாக வந்து தென்றல் நகர்ப் பூங்காவின் மேற்கு ஓரத்தில் வளைந்து போகிறது. கோவில்பதாகையில் அவர்கள் வீடு கட்டிக்கொண்டு வந்தபோது அந்த வளைவு முழுக்க இடிந்த செங்கல்லும் சீமைக்கருவேலமும்தான். தொழிற்சாலைக் குடியிருப்புப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்த சரசா, ஓய்வுபெற்ற மறு மாதமே ஒரு கடப்பாரையோடு அங்கே இறங்கினாள். அது ஆறு வருடம் முன்பு. தண்ணீர் ஓரத்தில் கோரையும் நாணலும், அதற்கு மேலே வரிசையாக நொச்சி, அதற்கும் மேலே புங்கனும் நீர்மருதும். ஓடையை ஒட்டிப் பத்தடி அகலத்துக்கு இந்த மண்ணில் தானாக வளர்வதை மட்டும் வைத்தாள். "நாம ஒண்ணும் செய்ய வேணாங்க. வேர் மண்ணைப் பிடிச்சுக்கும், கோரை அழுக்கைப் பிடிச்சுக்கும். பத்தடியை விட்டுக்கொடுத்தா போதும்," என்பாள். சாலையோரத்துக் குரோட்டன்ஸ் செடிகளை யாராவது இலவசமாகக் கொண்டுவந்தால், டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

மனோகரன் இதில் சேரவில்லை, தடுக்கவும் இல்லை. முப்பத்தோரு வருடம் லேத்தில் நின்றவர் அவர். இரும்பில் நூலளவு பிசகினாலும் கண்ணில் படும். செடிகள் இஷ்டத்துக்கு வளைவதைப் பார்த்தால் அவருக்கு எங்கே நிற்பது என்றே தெரியாது. குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரானார். சந்தா, தெருவிளக்கு, குப்பை என்று அவருடைய நாட்கள் ஓடின.

போன ஆடி மாதம் ஒரு காலை, அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். சரசா கரையில் குந்தி, முளைத்துவந்த கருவேலங்கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நாணலுக்குள்ளிருந்து ஒரு பாம்பு வந்தது. கைத்தடிக் கனம். அவளுடைய இடது பாதத்துக்கு ஒரு முழம் தள்ளி, அவசரமே இல்லாமல், முழு நீளமும் ஊர்ந்து நொச்சிக்குள் போனது. மனோகரனின் கையிலேயே பாட்டில் நசுங்கி, தண்ணீர் செருப்பில் கொட்டியது. சரசா திரும்பிப் பார்த்து, "வாங்க" என்றாள். அவள் எதையும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். சொல்லவும் இல்லை.

சங்கத்தின் ஆகஸ்ட் கூட்டத்தில், தலைவர் கோகுல்நாத் ஓடைக்கரைக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பும் திட்டத்தை வைத்தார். புதரை எடுத்துவிட்டுச் சுவர், சுவரை ஒட்டிப் புது நடைபாதை. கமிட்டியில் பதினொரு பேர். ஐந்து கைகள் எழுந்தன. ஐந்து கைகள் மடியிலேயே இருந்தன. எல்லோரும் மனோகரனைப் பார்த்தார்கள். அவர் கையைத் தூக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் சரசா கேட்டாள். "யார் யார் கை தூக்குனாங்க?"

"எல்லாருந்தான்," என்றார்.

அவள் அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை அரிந்து முடித்தாள். பிறகு, "எப்ப வர்றாங்களாம்?" என்றாள்.

"செப்டம்பர் பதினெட்டு. வியாழக்கிழமை."

அதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் அந்தப் பேச்சு வரவில்லை. அவள் வழக்கம்போலக் காலையில் கரைக்குப் போய்வந்தாள். அவர் தினமும் தண்ணீர் பாட்டிலோடு போய், அவள் எழுந்து வரும்வரை பூங்கா நடைபாதையில் நின்றார்.

வியாழக்கிழமை காலை தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். சரசா கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். விளாத்திகுளத்திலிருந்து அவளுடைய தம்பி பிறந்தவீட்டுக் கோடி கொண்டுவந்திருந்தார். அரக்கு நிறப் பட்டு. மஞ்சள் பூசி நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்ததில் அவள் ஏதோ விசேஷத்துக்குப் புறப்பட்டவள் போலிருந்தாள். குப்பை வண்டி நாகேந்திரன் பச்சைச் சட்டையோடு வந்து, வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, பெட்டியின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பாலிடெக்னிக் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுவரோரமாக நின்றார்கள். லாரி அமல்ராஜ், "அம்மா டேங்கர் தண்ணிய மரத்துக்கு ஊத்த உடாது சார். மொத வருசம் மட்டுந்தான் ஊத்தினேன். அப்பால, 'அதுவா நிக்கட்டும் அமலு'ன்னுச்சு," என்று சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஒன்பதரை மணிக்குத் தெருமுனையில் ஜேசிபி வந்து நின்றது.

பந்தலைத் தாண்டி அதனால் வரமுடியவில்லை. மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி வந்தார்.

"சாவு ஊடுன்னு தெரியாது சார். பார்க்குக்கு வேற வழி இன்னா கீது?"

கோகுல்நாத் நாற்காலியிலிருந்து எழுந்து வேகமாகப் போனார். "இன்னிக்கு வேணாம்பா. செகரட்டரி வீட்டு அம்மாதான் தவறிட்டாங்க. காரியம் முடியட்டும். பதினாறு நாள் கழிச்சு நானே போன் பண்றேன்."

மனோகரனுக்கு அப்போதுதான் தேதி உறைத்தது. நேற்றுக் காலையிலிருந்து எத்தனையோ பேரிடம் வியாழக்கிழமை, வியாழக்கிழமை என்று சொல்லியிருக்கிறார். அது எந்த வியாழக்கிழமை என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபா நின்றிருந்தாள். நாற்பது வயது, பூங்காவுக்கு எதிரே தையல்கடை வைத்திருப்பவள். கமிட்டியில் கையை மடியிலேயே வைத்திருந்த ஐந்து பேரில் ஒருத்தி. மனோகரன் அவளிடம் போனார். என்ன கேட்கவேண்டும் என்று யோசித்துப் போகவில்லை.

"அவகிட்ட நான் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்லிட்டேன்மா," என்றார்.

ஜெபா அவரைப் பார்க்காமல் ஜேசிபியைப் பார்த்தாள். "அக்காவுக்குத் தெரியும் சார்."

"எது?"

"நீங்க கை தூக்குனது. மீட்டிங் முடிஞ்சு நீங்க ஊட்டுக்கு வர்றதுக்கு முன்னாலயே நான் போன் போட்டுச் சொல்லிட்டேன். மனசு கேக்கல. மன்னிச்சுக்குங்க."

அப்படியானால் யார் யார் கை தூக்கினார்கள் என்று சரசா கேட்டபோது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மனோகரன் பந்தலின் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னா?"

"'உடு ஜெபா, அவரு பயந்துட்டாரு'ன்னாங்க. எதுக்கு பயம்னு கேட்டேன். ஆடி மாசத்துல ஒரு சாரைப்பாம்பு அவங்க கால்கிட்ட போச்சாமே. அக்கா அசையாம குந்திக்கினு இருந்தாங்களாம், அது போவட்டும்னு. போனப்புறம் திரும்பிப் பாத்தா நீங்க நின்னுகினு இருந்தீங்களாம், செருப்பெல்லாம் தண்ணியா." ஜெபா மூக்கை உறிஞ்சினாள். "'நான் பாக்கலன்னு நெனச்சிக்கினு கீறாரு. அப்படியே இருக்கட்டும், நான் பாத்தேன்னு தெரிஞ்சா இன்னும் பயப்படுவாரு. நாள் கீது, மெதுவா பேசிக்கிறேன்'னாங்க."

உள்ளேயிருந்து கார்த்திகா வந்து, "அப்பா, அம்மாவைக் குளிப்பாட்டப் போறாங்க. ஆம்பளைங்க எல்லாம் வெளிய இருக்கணுமாம்," என்றாள். கதவு சாத்தப்பட்டது. குடத்திலிருந்து தண்ணீர் விழும் ஓசை கேட்டது.

மனோகரன் தெருமுனைக்கு நடந்தார். விக்ரம் பின்னாலேயே வந்தான்.

"கோகுல், பதினாறு நாள் கழிச்சும் வேணாம்," என்றார்.

கோகுல்நாத் அவர் தோளில் கை வைத்தார். "சார், இப்ப எதுக்கு அதெல்லாம்? நீங்க வந்து உட்காருங்க."

"ஆறு பேர் கை தூக்குனோம். அதுல ஒண்ணு என்னோடது. நான் எறக்கிக்கிறேன்."

"அப்பா, இன்னிக்கா இது?" என்றான் விக்ரம், தணிந்த குரலில்.

"இன்னிக்குத்தான் வண்டி வந்திருக்கு."

டிரைவர் ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோகுல்நாத் கையை எடுத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு வருடம் முன்பு டிசம்பர் வெள்ளத்தில் அவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. படுக்கையிலிருந்த மாமியாரை மேஜைமேல் படுக்கவைத்து ஒரு பகல் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மழை என்றாலே அவர் வாசலுக்கும் ஓடைக்கும் நடந்துகொண்டே இருப்பார்.

"சார், நான் ஆசைக்கா சுவர் கேக்கறேன்? மறுபடி கரை ஒடைஞ்சா யார் பதில் சொல்றது?"

"அன்னிக்குக் கரை எங்க ஒடைஞ்சது கோகுல்?"

கோகுல்நாத்துக்கும் தெரியும். வீட்டுக்குள் தண்ணீர் புகுவதற்கு முந்தின இரவு இருவரும் சேர்ந்துதான் மணல் மூட்டை சுமந்தார்கள். நொச்சி வரிசை முடிகிற இடத்துக்கு அப்பால், ஒன்றுமே நடாமல் வெறும் மண்ணாகக் கிடந்த நாற்பதடிதான் சரிந்தது. நட்ட பக்கத்தில் நாணல் படுத்துக்கொண்டது. தண்ணீர் வடிந்ததும் எழுந்துகொண்டது.

"எனக்குப் பாம்பு பயம்," என்றார் மனோகரன். "அதான் கை தூக்குனேன். வெள்ளத்துக்காக இல்ல. அதை அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அவர் வாழ்க்கையில் இதை யாரிடமும் சொன்னதில்லை. நடுத்தெருவில், மகன் நிற்க, முன்பின் தெரியாத ஒரு டிரைவர் நிற்கச் சொன்னது அவருக்கே விநோதமாக இருந்தது.

கோகுல்நாத் தரையைப் பார்த்தார். "வாயால சொன்னா போதாது சார். மினிட் புக்ல ஏத்தினது. எழுதிக் குடுத்தாத்தான் நான் கூட்டம் போடமுடியும்." சொன்ன பிறகு சங்கடப்பட்டு, "காரியம் முடிஞ்சு குடுங்க, போதும்," என்றார்.

"விக்ரம், ஒரு பேப்பர் எடுத்துட்டு வா."

விக்ரம் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு போய், பந்தல்காரரின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தான். மனோகரன் அதைத் தெருவில் நின்ற காரின் பானெட்டில் வைத்து எழுதினார். ஓடைக்கரைச் சுவர் தீர்மானத்துக்குத் தான் அளித்த ஆதரவைத் திரும்பப் பெறுவதாகவும், அடுத்த கூட்டத்தில் எதிர்த்து வாக்களிக்கப்போவதாகவும் இரண்டே வரி. லேத்தில் வேலை பார்த்தவருக்கே உரிய நேரான எழுத்து. கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினார். கோகுல்நாத் அதை வாங்கிப் படித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நட்ட பக்கம் நல்லாத்தான் நின்னுது. அந்த நாப்பதடிக்கு ஏதாவது வழி பண்ணணும் சார். எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது," என்றார்.

"பண்ணணும்," என்றார் மனோகரன்.

"வண்டிய எடுத்துடட்டா சார்?" என்றார் டிரைவர்.

ஜேசிபி பின்பக்கமாகவே நகர்ந்தது. அது கீச்கீச்சென்று எச்சரித்துக்கொண்டே தெருவை விட்டு வெளியேறும்வரை மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். பிறகு மறுபடி அடிக்க ஆரம்பித்தார்கள். வீட்டுக் கதவு திறந்தது. சரசா புதுப் புடவையில் இருந்தாள்.

மயானத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. விக்ரம் மொட்டைத்தலையோடு குடம் சுமந்து மூன்று சுற்று வந்தான். குடம் உடைந்தது. திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார்கள். வேனில் வரும்போது யாரும் பேசவில்லை. மனோகரனுக்கு ஒரு எண்ணம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு மாதம் இருந்திருக்கிறது. தினமும் நடைபாதையில் நின்றிருக்கிறார். அவளும் தினமும் எழுந்து வந்து பாட்டிலை வாங்கிக் குடித்திருக்கிறாள். யாராவது ஒருவர் வாய் திறந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி. கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசலில் கார்த்திகா, "முன்பக்கம் வராதீங்கப்பா. கொல்லைப்பக்கமா போய்க் குளிச்சிட்டு வந்துடுங்க," என்றாள். பிறகு தயங்கி, "பாத்ரூம்ல கொஞ்சம் பாத்து. ஒருத்தர் நாத்து கொண்டுவந்திருக்கார். எங்க வைக்கிறதுன்னு தெரியாம அங்கதான் வெக்கச் சொன்னேன்," என்றாள்.

கொல்லையில், துணி துவைக்கும் கல்லில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். முழங்கால்வரை காய்ந்த சேறு. மனோகரனைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நான் துலுக்கானம் சார். திருநின்றவூர் தாண்டி நாத்துப்பண்ணை. எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஷேர் ஆட்டோவுல போட்டுக்கினு வந்து எறங்கறேன், மாலையா கெடக்குது." குளியலறைப் பக்கம் கையைக் காட்டினார். "வெட்டிவேர் நாத்து. முந்நூறு. போன வாரம் அம்மா போன் பண்ணிச்சு."

"முந்நூறா? எதுக்கு?"

"ஒரு நாப்பதடி வெறுங்கரை கீதாமே, அங்க நடணும்னுச்சு. வெட்டிவேர் ஆள் ஒசரத்துக்குக் கீழ எறங்கும் சார். கரைய அப்படியே தச்ச மாதிரி புடிச்சிக்கும். நான் இந்த வாரம் அறுப்பு கீதும்மா, ஞாயித்துக்கெழம எடுத்தாரேன்னேன். ஒத்துக்கல. பதினெட்டாந்தேதி காத்தால வந்துடணும், கண்டிசனா வியாழக்கெழமதான்னுச்சு. எனக்குத்தான் பஸ்ஸு கெடைக்காம நேரமாயிடுச்சு."

மனோகரன் குளியலறைக் கதவைப் பார்த்தார். துலுக்கானம் தலையைச் சொறிந்தார்.

"வேணாம்னா திரும்ப எடுத்துக்கினு போயிடறேன் சார். ஆனா நாளைக்குள்ள எங்கனா மண்ணுல வெச்சிடணும். அதுவரைக்கும் ஈரம் காயக்கூடாது."

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல சார்."

"கார்த்திகா, இவருக்குச் சாப்பாடு போடும்மா," என்று உள்பக்கம் பார்த்துச் சொன்னார். துலுக்கானத்திடம், "இருந்து, காலையில எப்படி வைக்கிறதுன்னு காட்டிட்டுப் போங்க," என்றார்.

குளியலறைக் கதவைத் தள்ளினார். உள்ளே நிற்க இடமில்லை. இரண்டு வாளிகளிலும், துணி ஊறவைக்கும் நீலத் தொட்டியிலும் வெட்டிவேர்க் கட்டுகள் தலைகீழ் விளக்குமாறுபோல நின்றன. வாளியில் அடங்காதவற்றைத் தரையில், தண்ணீர் வடிகிற மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். மண்ணும் வேரும் கலந்த வாசனை அறை முழுக்க இருந்தது. குழாய் சன்னமாகத் திறந்து கிடந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டுகளை மிதிக்காமல் கால் வைக்க ஓர் இடம் தேடி நின்றார். வாளியிலிருந்து குவளையில் மொண்டு தலையில் ஊற்றினார். தண்ணீர் மார்பிலும் முதுகிலும் இறங்கி, தரையில் கிடந்த கட்டுகளின் மேல் ஓடி மூலைக்குப் போனது. மேல்கட்டு நனைந்து நிறம் மாறியது. கீழே இருந்தவை இன்னும் காய்ந்தே இருந்தன. குனிந்து அவற்றை மேலே எடுத்துவைத்தார்.

மாடத்திலிருந்து சோப்பை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு தரையில் கிடந்த கட்டுகளைப் பார்த்தார். பிறகு சோப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, இன்னொரு குவளை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார்.